எங்களுக்குப் பதிலாகப் போன கட்டி

1. கேட்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் ஆபீஸ் வாசலையே பார்க்கவில்லை. பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்துவிட்டது.

"இசக்கி, நீ ஆபீசுக்கு வராண்டாம். நேரா கேட்டுக்குப் போயிரு. ஆதார் கார்டு எடுத்துக்க, பேனா எடுத்துக்க. பொறுமையும் கொஞ்சம் எடுத்துக்க, அது நம்ம ஆபீஸ்ல ஸ்டாக் இல்ல, கேட்டியா."

பேசியது எங்கள் ஓனர் ரெஜி அண்ணன். மார்த்தாண்டத்துக்காரர். கேட் என்று அவர் சொன்னது திருவனந்தபுரத்தில் கடலோரம் இருக்கும் அரசு ராக்கெட் மையத்தின் கேட். பாஸ் எழுதும் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றேன். போனை வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டு டோக்கன் கொடுத்தார்கள். உள்ளே போன் கூடாது. என் வயசுக்காரனுக்குப் போன் இல்லாமல் நிற்பது சட்டை இல்லாமல் நிற்பது மாதிரி. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

இதை எல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நம் காலேஜ் டிபார்ட்மென்ட் ஜூனியர்கள் அடிக்கடி மெசேஜ் அனுப்புகிறீர்கள். "அண்ணா, ஸ்பேஸ்ல கவர்மென்ட் பெட்டரா, பிரைவேட் பெட்டரா?" ஒவ்வொருத்தருக்கும் தனியாக டைப் அடிக்க எனக்கு விரல் இல்லை. மொத்தமாக இங்கே எழுதுகிறேன். இதைப் படித்த பிறகும் கேட்டால் பிளாக் செய்வேன்.

என் அப்பாவுக்கு திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிரைவேட் ராக்கெட் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது தராசிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டார்.

"பிரைவேட் ராக்கெட்டா? அதெல்லாம் சிவகாசில செய்வாம்லா. அதுக்கா எலே இஞ்சினீயரிங் படிச்செ?"

ராக்கெட் இல்லை, ராக்கெட்டில் போகிற பெட்டி என்று விளக்கினேன். அவர் அடுத்த ஆளுக்கு ஆணி நிறுக்க ஆரம்பித்தார். பெட்டி செய்ய ஆசாரி போதுமே என்று நினைத்திருப்பார்.

2. வாடகை வீடு

எங்கள் ஆபீஸ் வேளி ரோட்டில் ஒரு வாடகை வீடு. முற்றத்தில் பலா மரம். சீசனில் பழம் விழும் சத்தத்துக்குப் பயந்து யாரும் பைக்கை அதன் அடியில் நிறுத்த மாட்டோம். ஹாலில் சால்டரிங் டேபிள். பெட்ரூமில் ஏசி வைத்து, பிளாஸ்டிக் ஷீட் கட்டி, அதற்கு கிளீன் ரூம் என்று பேர். உள்ளே போகும்போது தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை. வெளியே வந்தால் அடுக்களையில் யாராவது மீன் வறுத்துக்கொண்டிருப்பார்கள்.

ரெஜி அண்ணன் பல வருடம் அந்த அரசு மையத்தில் வேலை பார்த்துவிட்டு ராஜினாமா செய்தவர். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான். "கமிட்டி டே. ஒரு நட்டு மாத்தணும்னா கமிட்டி. அந்தக் கமிட்டிக்கு சாயா வாங்க இன்னொரு கமிட்டி. நமக்கு ஆவாது." எங்கள் ஆபீஸில் கமிட்டி கிடையாது. அண்ணன் நினைத்தால் நட்டு மாறிவிடும். சில நாள் காலையில் மாறி, சாயங்காலம் திரும்ப மாறும்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது டிபன் கேரியர் சைஸில் ஒரு பெட்டி. உள்ளே ஒரு கேமரா, ஒரு ரேடியோ, பேட்டரி. கடலைப் படம் எடுத்துக் கீழே அனுப்பும். அதை மேலே கொண்டுபோவது அரசு ராக்கெட். ராக்கெட் தன் மெயின் சேட்டிலைட்டை இறக்கிவிட்ட பிறகு அதன் கடைசிப் பகுதி சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதில் எங்களை மாதிரி சின்ன ஆட்களுக்கு சீட் கொடுத்தார்கள். காலியாகப் போகிற லாரியில் மூட்டை ஏற்றுவது மாதிரிதான். ஆனால் லாரி நமக்காக நிற்காது. இந்த சீட் போனால் அடுத்தது எப்போது, கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. எங்களைப் போல சீட்டுக்கு அலைகிற கம்பெனிகள் நாடு முழுக்க இருந்தன. மேலே போய் வேலை செய்த பெட்டி ஒன்றாவது கையில் இருந்தால்தான் கஸ்டமர் எங்களை உட்காரச் சொல்லுவார். அதுவரைக்கும் நாங்கள் பலா மரத்தடியில் கனவு காண்கிற பசங்கள்தான்.

சொல்லப்போனால் அந்த வீட்டில் நான் கற்றுக்கொண்டது மாதிரி வேறு எங்கேயும் கற்றுக்கொள்ளவில்லை. இப்போது கம்பெனி ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறது. லிஃப்ட் பேசுகிறது. மீன் வறுக்க முடியாது.

3. வைதேகி

பெட்டி ராக்கெட்டில் ஏற வேண்டுமென்றால் முதலில் அரசு மையத்தின் வைப்ரேஷன் டேபிளில் ஏற வேண்டும். அதை ஓட்டும் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்தவள் வைதேகி. காலேஜில் என் கிளாஸ்மேட். கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துப் பெண். அந்த மையத்து வேலைக்கு நானும் அவளும் ஒரே பரீட்சை எழுதினோம். அவள் பாஸ். என்னைப் பற்றி எழுத வேண்டாம்.

"வாடா பிரைவேட்," என்றாள், சேர்ந்து சில வாரம் கழித்து நான் டேபிள் ரூமுக்குப் போனபோது. "ஷூவுக்கு மேல உறை போட்டுக்கோ. உங்க ஆபீஸ்ல செருப்போட அலையறாப்ல இங்க அலையப்படாது."

"எங்க ஆபீஸ்ல செருப்பே கெடையாது. வெளிய விட்டுட்டுத்தான் போவோம், கோயில் மாதிரி."

"பலாப்பழ வாசனை அடிக்கற கோயில். கேள்விப்பட்டேன்."

டேபிளில் நடப்பது இதுதான். ஃபிக்சர் என்ற கனமான தட்டின் மேல் பெட்டியை போல்ட் போட்டு இறுக்குவார்கள். முதலில் மெதுவாக அதிர வைத்து, பெட்டி எந்த இடத்தில் அதிகம் துள்ளுகிறது என்று ஒரு கோடு எடுப்பார்கள். அதற்கு ஸ்வீப் என்று பேர். பிறகு ராக்கெட் எப்படி உலுக்குமோ அப்படிப் போட்டு உலுக்குவார்கள். அது முடிந்ததும் மறுபடி ஒரு ஸ்வீப். முன்னால் எடுத்த கோடும் பின்னால் எடுத்த கோடும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் உள்ளே எதுவும் இளகவில்லை என்று அர்த்தம்.

இதற்குப் பிறகு அங்கே ஒரு வழக்கம் உண்டு. ரூமில் இருக்கும் எல்லோரும் நின்றுகொண்டு ஒரு சுற்று பேச வேண்டும். பார்த்தது என்ன, சந்தேகம் என்ன. ரூமில் ஆகக் கடைசியாக வேலைக்கு வந்தவன்தான் முதலில் பேச வேண்டும். சீனியர் முதலில் வாயைத் திறந்தால் ஜூனியர் அதையே திருப்பிச் சொல்லிவிடுவான் என்பதால் இந்த ஏற்பாடு. ரெஜி அண்ணனுக்கு இந்தச் சுற்று என்றாலே எரிச்சல். "காலைல பிரேயர் மாதிரியாக்கும் அது," என்பார்.

4. கோடு நகர்ந்தது

எங்கள் டெஸ்ட் நாள் காலையில் ரெஜி அண்ணனும் வந்திருந்தார். மறுநாள் காலை எல்லாப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு லாரி ஏவுதளத்துக்குக் கிளம்புகிறது. அடுத்த டீம் தங்கள் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றிருந்தது. உலுக்கி முடித்து, கடைசி ஸ்வீப்பும் முடிந்தது. கம்ப்யூட்டரில் கோடு வர நேரமாகும்.

"போல்ட்டைக் கழட்டு," என்றார் அண்ணன்.

"கோடு வரட்டும் சார்," என்றாள் வைதேகி.

"கோடு வரும் மோளே, எங்க போவும்? பின்னால நிக்கவங்க எத்தன நேரம் நிப்பாங்க? நாங்க பிரைவேட்டு. டேபிள சட்டுனு காலி பண்ணினாங்கன்னு நல்ல பேராவது எடுத்துட்டுப் போறோம்."

கழற்றினோம். அண்ணன் பேக்கிங் வேலையைப் பார்க்க ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த டீம் தங்கள் ஃபிக்சரை டேபிளில் ஏற்றியது. அப்போதுதான் எங்கள் கோடு வந்தது. முன்னால் எடுத்த கோட்டுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக அது நகர்ந்திருந்தது. நகரலாம் என்று விட்டிருக்கும் எல்லைக்கு உள்ளேதான், ஆனால் ஓரத்தில்.

"உள்ளதான இருக்கு? பாஸ்தான?" என்றேன்.

"நகர்ந்தா ஏன் நகர்ந்ததுன்னு பெட்டிக்காரா சொல்லணும்."

"நீ என்ன நெனைக்கே?"

"நான் என்ன நெனைச்சா என்ன? பெட்டி யாரோடது?"

"எங்களோடது."

"அப்பறம் என்னைக் கேட்டா? உங்காத்துக் குழந்தைக்கு நானா ஜாதகம் எழுத முடியும்?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இசக்கி, நன்னாக் கேட்டுக்கோ. உங்க பெட்டி மேல போய் வேலை செய்யறதா, செய்யலையாங்கறது எங்க தலைவலி இல்லை. அது கழண்டு போய் மெயின் சேட்டிலைட்டை இடிக்குமா, அது ஒண்ணுதான் எங்க கேள்வி. காரணம் தெரிஞ்சா சொல்லு, எழுதிக்கறேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. தெரியாத பெட்டியை ராக்கெட்ல ஏத்த மாட்டா. அவ்வளவுதான் ரூல்."

காரணம் இரண்டாக இருக்கலாம். ஃபிக்சர் போல்ட் கொஞ்சம் இளகியிருந்தால் பெட்டிக்கு ஒன்றுமில்லை. பெட்டிக்குள் ஏதாவது இளகியிருந்தால் மேலே போய் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். ஃபிக்சர் டேபிளில் இருந்திருந்தால் போல்ட்டை இறுக்கி இன்னொரு ஸ்வீப் எடுத்துப் பார்த்திருக்கலாம். அது இப்போது தரையில் கிடந்தது. திரும்ப ஏற்றலாம் என்றால் அன்றைக்கு இனி டேபிள் காலி இல்லை, விடிந்தால் லாரி.

சுவரில் இருந்த லேண்ட்லைன் அடித்தது. வைதேகி எடுத்துக் கேட்டுவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினாள். அண்ணன்.

"என்ன டே, கோடு வந்தா?"

சொன்னேன்.

"ஃபிக்சர் இளகிருக்கும். ஃபிக்சர்னு சொல்லிட்டு வா."

"ஃபிக்சர்தான்னு எப்படிண்ணே தெரியும்? அதத்தான் கழட்டியாச்சே."

"கழட்டினதுனாலதான் சொல்லுகேன். இனி எவனும் இல்லன்னு சொல்ல முடியாதுல்லா."

ரூமில் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, உள்ள ஏதாவது இளகிருந்தா?"

"எலே, நான் அங்கன இருந்தவனாக்கும். நெசமாவே பிரச்னைன்னா அவங்க விடமாட்டாங்க. அவங்க விட்டா எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம். இந்த சீட்டு போச்சுன்னா நம்ம கடையப் பூட்ட வேண்டியதுதான் பாத்துக்க."

போனை வைத்தேன். இந்த ஊரில் வளர்ந்த எல்லோருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. எனக்கும் இருந்தது. அரசு மையம் என்றால் ஒரு பெரிய சுவர், தப்பானது எதுவும் அதைத் தாண்டாது. சுவரின் அந்தப் பக்கம் நின்று பார்த்தபோதுதான் அங்கே கதவு இருப்பது தெரிந்தது. அந்தக் கதவு எங்களையே பார்த்து "பெட்டி எப்படி இருக்கு?" என்று கேட்கிறது. அண்ணன் அவர்களை நம்பிக்கொண்டிருந்தார். அவர்கள் எங்கள் பதிலை நம்பப் போகிறார்கள். நடுவில் பெட்டியைப் பற்றி உண்மையாகவே தெரிந்தவன் எவனும் இல்லை.

சுற்று ஆரம்பித்தது. ரூமில் கடைசியாக வேலைக்கு வந்தவன் நான்தான்.

"பெட்டி டீம்," என்றாள் வைதேகி, என்னை முன்னே பின்னே தெரியாதவள் மாதிரி. "கோடு நகர்ந்ததுக்குக் காரணம்?"

ஃபிக்சர் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. அந்தப் பெட்டியின் பேட்டரியை ஒட்டியதும் மூடியை மூடியதும் நான்தான். அது மேலே போக வேண்டும் என்று அந்த ரூமில் என்னை விட ஆசைப்பட்டவன் எவனும் கிடையாது.

"தெரியாது," என்றேன்.

அடுத்த டீமில் ஒருத்தர், "பாவம்," என்று முனகினார்.

"சரி. அடுத்து," என்றாள் வைதேகி.

கேட்டுக்கு எதிரே சாயாக்கடையில் ஒரே பெஞ்சில் அரசாங்க ஐடி கார்டும் பிரைவேட் ஐடி கார்டும் இடித்துக்கொண்டு உட்காரும். அன்றைக்கு நான் ஐடி கார்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வைதேகி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ ஃபிக்சர்னு சொல்லிருந்தா நான் எழுதிண்டு போயிருப்பேன்."

"தெரியும்."

"சாயா நான் வாங்கித் தரேன். வடை கிடையாது. சம்பளம் வரலை."

5. கட்டி

ஆபீஸுக்குப் போனபோது அண்ணன் பேக்கிங் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

"சீட்டு காலியாப் போகப்பிடாது," என்றார் கடைசியில். "ராக்கெட்டோட எடைக் கணக்கு தெத்திப் போவும். பெட்டி போகல்லன்னா பெட்டி எடைக்கு ஒரு கட்டி நாமதான் குடுக்கணும். அது ரூலு. நாளைக்குக் காலைல லாரி."

எங்கள் பெட்டியைக் கடைந்தெடுத்த அதே அலுமினியத்தில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கரமனையில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். அண்ணன் ஓட்டினார். நான் பின்னால் கட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற மாதிரி. ஒரு பக்கத்தை அறுத்துத் தள்ளி, ஓட்டை போட்டு, எடை சரியாக வரும்வரைக்கும் அண்ணன் தன் கையாலேயே அரத்தால் ராவினார்.

"இதுல கேமரா கெடையாது," என்றார் ராவிக்கொண்டே. "பேட்டரி கெடையாது. இஞ்சினீயரும் கெடையாது. இது ஒருக்காலும் தெரியாதுன்னு சொல்லாது."

எனக்கு அது தேவைதான்.

காலையில் கட்டியைக் கேட்டில் கொடுத்தோம். பாஸ் எழுதும் ஜன்னலில் இருந்தவர் பொருளின் பெயர் என்ன என்று கேட்டார். "எங்க கம்பெனி," என்றார் அண்ணன்.

ராக்கெட் கிளம்பிய அன்று பலா மரத்து வீட்டு ஹாலில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். எல்லாம் அருமையாக நடந்தது. மெயின் சேட்டிலைட் பிரிந்தது, அங்கே கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம், கையில் உயிரில்லாமல். அப்பா கடையிலிருந்து போன் செய்தார்.

"ஒம் பொட்டி போயிட்டா?"

"பெட்டி போகலப்பா. அதுக்குப் பதிலா கட்டி போயிருக்கு."

"கட்டியா? அதுக்கு அங்கன என்னலே சோலி?"

"ஒண்ணும் இல்ல. சும்மா இருக்கணும்."

"அப்ப கவர்மென்ட் வேலைன்னு சொல்லு."

ஸ்பீக்கர் ஆனில் இருந்திருக்கிறது. ரெஜி அண்ணன் டெஸ்ட் நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். அப்புறம் எழுந்து வெளியே போய் பலா மரத்தடியில் நின்றுகொண்டார்.

6. மறுபடியும் டேபிள்

பெட்டியைத் திறந்தோம். ஒரு இஞ்சினீயர் தன் பெட்டியில் ஏதாவது உடைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அநேகமாக அதுதான் முதல் தடவை. ஒரு ஸ்க்ரூ இளகியிருந்தால் நான் தப்பித்தேன். எல்லா ஸ்க்ரூவும் கல் மாதிரி இருந்தது. பேட்டரிக்கு அடியில் வைத்த ரப்பர் மட்டும் கொஞ்சம் அமுங்கின மாதிரி தெரிந்தது. அதுதான் காரணமா? புது ரப்பர் முதல் உலுக்கலில் அமுங்கும், அதற்குப் பிறகு அமுங்காது. அது சரியா என்று பார்க்க ஒரே வழி, இன்னொரு தடவை உலுக்குவது.

டேபிள் கிடைக்கும்வரைக்கும் நான் ஆபீஸில் ஒரு மாதிரி நிழல் போலத்தான் இருந்தேன். வருவதாகச் சொல்லியிருந்த ஒரு கஸ்டமர் போன் செய்து, "அடுத்த வருஷம் பார்க்கலாம்," என்றார். இரண்டு பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

டேபிள் கிடைத்தது. இந்தத் தடவை கோடு வரும்வரை யாரும் போல்ட்டைத் தொடவில்லை. அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கோடு வந்தது. உலுக்குவதற்குச் சற்று முன் எடுத்த கோட்டின் மேல் அச்சாக உட்கார்ந்தது. துளி நகரவில்லை.

அதாவது அன்றைக்குக் கோட்டை நகர்த்தியது அமுங்கின ரப்பர்தான், பெட்டி முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது. நான் சும்மா ஃபிக்சர் என்று சொல்லியிருந்தால் அது அன்றைக்கே போயிருக்கும். வேலையும் செய்திருக்கும்.

சாயாக்கடையில் அண்ணன் வெகுநேரம் கிளாஸைச் சுழற்றிக்கொண்டிருந்தார். என் வேலை போய்விட்டது, அதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

"அப்ப அந்தக் கட்டிக்குப் பதிலா இதுவே போயிருக்கலாம்."

"ஆமாண்ணே."

"ஒனக்கு அன்னைக்கு அது தெரியாது."

"தெரியாதுண்ணே."

"எனக்கும் தெரியாதுல்லா," என்றார். பிறகு கடைக்காரரிடம், "ரெண்டு வடை."

அடுத்த ராக்கெட்டில் எங்களுக்கு சீட் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெட்டி போனது. முதல் படத்தில் பாதி மேகம், பாதி கடல். அதைப் பிரிண்ட் போட்டு அப்பா கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். யாராவது என்ன என்று கேட்டால், "நம்ம பய எடுத்த போட்டோ," என்கிறார், நான் அங்கே போய் நின்று எடுத்த மாதிரி.

7. கவர்மென்டா, பிரைவேட்டா

கேள்விக்கு வருகிறேன். டேபிள் அவர்களுடையது, ராக்கெட் அவர்களுடையது, ரூல் அவர்களுடையது. பெட்டியும் அவசரமும் எங்களுடையவை. இரண்டும் தேவை. அவர்கள் மட்டும் இருந்தால் பலா மரத்து வீட்டில் ஒருநாளும் சேட்டிலைட் செய்திருக்க முடியாது. நாங்கள் மட்டும் இருந்தால் போல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் கோட்டைப் பார்ப்போம். ஆனால் எந்தப் பக்கம் சேர்ந்தாலும், எதையும் மற்றப் பக்கத்துக்காரன் பார்த்துக்கொள்வான் என்று விடாதீர்கள். அவனும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

எனக்கு இன்னமும் அந்த வாடகை வீட்டின் ஞாபகம்தான். மீன் வாசனை, பிளாஸ்டிக் ஷீட், கேட்டில் போன் இல்லாமல் நின்ற கை. கண்ணாடிக் கட்டடத்தில் இப்போது எங்களுக்குச் சொந்தமாக ஒரு சின்ன வைப்ரேஷன் டேபிள் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு அலுமினியத் துண்டு. கட்டி செய்தபோது அறுத்துத் தள்ளிய மிச்சம். டெஸ்ட் முடிந்து சுற்று ஆரம்பிக்கும்போது கடைசியாக வேலைக்கு வந்தவன் கையில் அதைக் கொடுப்போம். அவன்தான் முதலில் பேச வேண்டும். பிரேயர் என்று கிண்டல் செய்தவர்தான் இதை எங்கள் ஆபீஸுக்குக் கொண்டுவந்தார்.

போன மாதம் வைதேகி அரசு வேலையை விட்டுவிட்டு எங்களிடம் சேர்ந்தாள். டெஸ்ட் டீமுக்கே அவள்தான் ஹெட். ஆனால் சேர்ந்த தேதிப்படி ஆபீஸிலேயே கடைசி ஆள். முதல் சுற்றில் ரெஜி அண்ணன் துண்டை அவள் முன்னால் தள்ளினார்.

"நீதான் ஜூனியரு. தொடங்கு மோளே."

அவள் அதைக் கையில் வைத்து எடை பார்த்தாள். ஸ்க்ரீனில் இருந்த கோட்டைப் பார்த்தாள். "தெரியலை சார்," என்றாள். "நேத்திக்குத்தான் வந்திருக்கேன். உங்க பெட்டி எப்படித் துள்ளும்னு எனக்கு இன்னும் பழகலை."

புதுப் பையன்கள் இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஹெட்டே தெரியாது என்கிறாரே என்று.

"என்னலே பாக்கிய?" என்றார் அண்ணன். "இங்கன தெரியாதுன்னு சொல்ல ஒருத்தனும் பயப்படப்பிடாது. அதுக்காக ஒரு ராக்கெட்டு சீட்டையே விட்டுக் குடுத்தவனாக்கும் நான்."

விட்டுக் கொடுத்தது நான். ஆனால் கட்டியை ராவினது அவர் கை. அதனால் அந்தப் பெருமையை அவருக்கே விட்டுவிட்டேன்.